மேலே ஏறாத கொடி

ஸ்வீடனின் மால்மோ நகரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் சோல்வேய். ஜூன் ஆறு, தேசிய நாளன்று, குடியிருப்பு முற்றத்தில் கொடியேற்றுவது வருஷா வருஷம் அவள்தான்.

கொரோனா வந்த வசந்தத்தில் உலகமே கதவடைத்தது. ஸ்வீடன் மட்டும் அடைக்கவில்லை. டென்மார்க்கில், கோபன்ஹேகனில் வாழ்க்கைப்பட்ட தங்கை குனில்லாவிடம் சோல்வேய் போனில் பீற்றிக்கொண்டாள்: “உங்களை ஆட்டுமந்தை மாதிரி பட்டியில அடைச்சிருக்காங்க. எங்களுக்கெல்லாம் வாயால சொன்னாப் போதும்டி, புரிஞ்சுக்குவோம்.”

மறதி நோயால் முதியோர் இல்லத்தில் இருந்த கணவர் ரூனேயைப் பார்க்கப் போனபோது, பணிப்பெண்கள் முகக்கவசமில்லாமல் அறை அறையாகப் போய்வந்தார்கள். ஏனென்று கேட்டாள். தேவையில்லை என்று மேலிடம் சொல்லியிருக்கிறதாம். மேலிடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று திரும்பிவிட்டாள். பிறகு பார்வையாளர்களுக்கே தடை வந்தது.

ஏப்ரலில் ரூனேவுக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவர் வந்து தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வேண்டாம், வலி தெரியாமலிருக்க மார்ஃபின் ஊசி போடுங்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டார். பிராணவாயு கொடுங்கள் என்று சோல்வேய் கெஞ்சினாள். அங்கே அது இல்லவே இல்லை. ரூனே மூச்சுக்குத் தவித்துச் செத்தார். அவள் வாசலில் நின்றாள்.

ஜூன் ஆறாம் தேதி, ஸ்ட்ராபெரி கேக்கும் காப்பியுமாக முற்றத்தில் ஆட்கள் கூடினார்கள். சோல்வேய் கொடியைப் பாதிக் கம்பம்வரை ஏற்றிக் கயிற்றைக் கட்டினாள்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் பால்ம்க்விஸ்ட் அருகே வந்து தணிந்த குரலில் சொன்னார்: “இன்னைக்குக் கொண்டாட்ட நாள்ங்க. துக்கத்தை வீட்டோட வெச்சுக்கங்க. உலகமே நம்மளத்தான் பாக்குது.”

“பாக்கட்டும். என் வீட்டுக்காரர் மூச்சை அடகு வெச்சு வாங்கின பெருமைதானே இது? நானும்தான் பீத்திக்கிட்டேன். இனி என் கையால இது மேல ஏறாது.”

“உங்க ஒருத்தருக்காக நாட்டையே குறை சொல்லக் கூடாது.”

“நாடுன்னா யாரு? அந்த இல்லத்துல செத்தவங்க எந்த ஊர்க்காரங்க?”

அவள் வீட்டுக்குப் போனதும் பால்ம்க்விஸ்ட் கொடியை உச்சிக்கு ஏற்றினார். சமையலறை ஜன்னல் வழியே அதைப் பார்த்தவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மறுபடி இறங்கிப் போய், எல்லோரும் பார்க்கப் பாதிக்கு இறக்கிவிட்டுக் கம்பத்தடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம்வரை ஒருவரும் கயிற்றுப் பக்கம் வரவில்லை.

அங்கிருந்தே தங்கையைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொல்லிவிட்டு, “நான் பேசின பேச்சுக்கு என்னை நாலு வார்த்தை திட்டுடி” என்றாள்.

குனில்லா திட்டவில்லை. “சாப்பிட்டியாக்கா?” என்றாள். சோல்வேய்க்கு அதற்கும் கோபம்தான் வந்தது.