கிரகணத்தன்று நறுக்கிய வெள்ளரிக்காய்

என் மூத்த மகள் பிளந்த உதட்டோடு பிறந்தாள். கிரகணத்தன்று நான் காய் நறுக்கியதுதான் காரணம் என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னார். அவர் பிள்ளையை ஒருநாளும் தொட்டதில்லை.

அடுத்த சூரிய கிரகணத்தின்போது நான் மறுபடி ஏழு மாதக் கர்ப்பம். முதுகுளத்தூர் பள்ளி மைதானத்தில் வாத்தியார்கள் டெலஸ்கோப் வைத்து, குறைந்துவந்த சூரியனை வெள்ளைத்துணியில் விழவைத்து ஊருக்கே காட்டினார்கள். நான் கூட்டத்தின் நடுவே நின்று, மடியில் கட்டிக்கொண்டுபோன வெள்ளரிக்காயை எடுத்துக் கத்தியால் நறுக்கினேன்.

தேடி வந்த மாமியார் அலறினார். "அடிப்பாவி, வயித்துப்பிள்ளைய நெனச்சுப் பாத்தியாடி?"

"நெனச்சுத்தான் நறுக்குறேன் அத்தை."

கடைசித் துண்டுவரை நறுக்கினேன்.

பையன் முழு உதட்டோடு பிறந்தான். அவனை முத்தமிடக் குனிந்த மாமியாரைத் தடுத்து, மூத்தவளை அவர் மடியில் உட்கார வைத்தேன்.

"மொதல்ல இவளுக்குக் குடுங்க."

அழுதுகொண்டே கொடுத்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.