அடைக்கக் கூடாத துளை

குழாய்க்காரருக்கு ஓட்டையைக் கண்டாலே ஆகாது. தொழில் அப்படி. காலையில் பையைத் தூக்கினால், யார் வீட்டிலோ ஒழுகுவதை நிறுத்திவிட்டுத்தான் மதியச் சாப்பாடு. சொந்த வீட்டிலும் கை சும்மா இருக்காது. ஜன்னல் சட்டத்தில் காற்று வரும் இடுக்கு, பழைய ஆணி விட்டுப்போன குழி, எது கண்ணில் பட்டாலும் சிலிகான் குழலோடு வந்து நிற்பார். "நல்லவேளை, என் மூக்கை விட்டு வெச்சிருக்கீங்க" என்பாள் மனைவி.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. சின்னப் பாய்மரப் படகு. யாரோ வேண்டாமென்று ஒதுக்கியதை வாங்கி, அடியிலிருந்து நுனிவரை தானே பார்த்துப் பார்த்துச் சீர்செய்தது. விடுமுறை நாளில் தண்ணீரில் இறக்குவார். மனைவி கரையில் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பாள். ஏறச் சொன்னால், "எனக்குத் தரையே போதும்." கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார், மசியவில்லை. அப்படிப்பட்டவள் இந்த வாரம், துணி மடித்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை நானும் வரேன்" என்றாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் அளவுக்கு மிதவைச் சட்டை வாங்கி வந்தார், நிறம்கூடப் பார்த்து.

சனிக்கிழமை காலை படகுக் கொட்டகைக்குப் போய், பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளைத் தட்டிப் பார்த்தார். தொளதொள. கொஞ்ச நாளாகவே அவை தளர்வதும் இவர் முறுக்குவதுமாகத்தான் இருந்தது. இன்று முறுக்க மரை மிச்சமில்லை. கம்பி நீளவில்லை என்றால் பாய்மரம்தான் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

பாய்மரத்தைக் கழற்றிச் சாய்த்துவிட்டு, அது நிற்கும் அடிக்கட்டையைத் திருப்புளியால் குத்தினார். நனைந்த ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது. மேலே பூச்சு பளபளவென்று இருக்கிறது, உள்ளே சொதசொத. அலுமினியப் பாய்மரம் குழாய்போல் உள்ளே வெற்றாக இருக்கும். அதன் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற அடிக்கட்டையில் ஒரு துளை இருந்திருக்கிறது. சீர்செய்தபோது அதையும் ஓட்டை என்று அடைத்து, விரலால் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர் சாட்சாத் இவரேதான். போக வழியில்லாத தண்ணீர் அங்கேயே கிடந்து கட்டையைத் தின்றுவிட்டது.

மேலாகப் பசை ஊற்றி இறுக்கினால் நாளை ஒரு பொழுது தாங்கும். யாருக்கும் தெரியாது. சொன்னாலோ, அவள் ஜென்மத்துக்கும் படகில் கால் வைக்க மாட்டாள். கலந்த கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும் பசை அது; கலக்கவும் கலக்கிவிட்டார். அவள் உட்காரப்போகிற இடம் பாய்மரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்த்தபடி நின்றார். டப்பாவுக்குள்ளேயே பசை சூடேறிக் கல்லாக இறுகிப்போனது.

வீட்டுக்கு வந்தார். "படகு அடியில மக்கிப் போச்சு. நான்தான் கெடுத்தேன்" என்று, துளையை அடைத்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். "வாங்க, காட்டுங்க." அவருக்கு முன்னாலேயே விறுவிறுவென்று நடந்தாள். தொலைந்தது என்று நினைத்துக்கொண்டார்.

அவர் உளியால் மக்கியதைச் செதுக்கி எடுக்க, அவள் அள்ளி வாளியில் போட்டாள். புதுக் கட்டையை அறுத்துப் பொருத்திப் பார்த்தார். துளை போடும் நேரம் வந்ததும் கை ஓடவில்லை. நல்ல கட்டை, அதில் தன் கையாலேயே ஓட்டையா?

"பெத்த பிள்ளையைக் குத்தப்போற மாதிரி என்ன மூஞ்சி இது? போடுங்க."

போட்டார். அவள் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினாள். துளியும் தேங்காமல் அடிவழியே ஓடி, படகு கரையில் இருக்கும்போது திறந்து வைக்கும் பின்பக்கத் துவாரத்தில் வெளியே விழுந்தது.

"இதெல்லாம் நல்லா காஞ்சப்புறம்தான் பசை போட முடியும். நாளைக்கு ஆகாது" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அடுத்த வாரம் போலாம்."

"இவ்வளவு பார்த்தப்புறமுமா வரேங்கிற?"

அவள் ஈரத்துணியைப் பிழிந்தாள். "தண்ணிக்கா நான் பயந்தேன்? நடுத்தண்ணியில என்ன ஆனாலும் என்கிட்ட வாயைத் திறக்க மாட்டீங்கன்னுதான் இத்தனை வருஷம் ஏறலை. இந்த வாரம் வரேன்னதும் மனசைக் கல்லாக்கிக்கிட்டுத்தான். இன்னைக்கு நீங்களா வந்து சொன்னீங்க."

குழாய்க்காரருக்கு அழுகை வந்தது. அவள் எதிரிலேயே அழுதார்.