தறியில் அம்மாவின் இடம்

போலந்தில் ஆண்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு மூத்திரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் வேலை செய்யும் கிடங்கில் மாரெக் என்று ஒரு பெரியவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே, தனக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்ததையும் அதை அறுத்து எடுத்ததையும் கிரிக்கெட் ஸ்கோர் போலச் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு உப்பை நகர்த்துவார்கள். எனக்குத்தான் சூப்பு இறங்காது.

காஞ்சிபுரத்தில் என் நைனா அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார். தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தவர் அடிக்கடி எழுந்து பின்கட்டுக்குப் போவார். கேட்டால், "நூல் பாத்துட்டு வரேன்" என்பார். போன முறை ஊரில் இருந்தபோது, "பாத்ரூம்லயே ஒரு தறி போட்டுடலாம் நைனா" என்று கிண்டலடித்தேன். இப்போது ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்து, ஊசியால் சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

அதற்குள் அக்கா புருஷன் ஒரு வீடியோ அனுப்பிவிட்டார். இந்தப் புற்றுநோய்க்கு வைரஸ்தான் காரணமாம். நைனா தனித்தட்டு, தனி டம்ளர் என்று ஆரம்பித்து, கடைசியில் அம்மாவைத் தறிப்பக்கமே வரக் கூடாது என்றுவிட்டார். ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, என்னைப் போல விமானம் ஏறியவர்கள் மறந்திருக்கலாம்: கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். கரை நூலைக் கொண்டுபோகும் ஓடமான கரை நாடாவைத் தள்ள, நெய்கிறவர் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்தே ஆகவேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா. பாதிச் சேலையோடு தறி நின்றுவிட்டது.

போன் செய்தேன்.

"இன்னா நைனா, அம்மாவ தறிகிட்டயே வுடலியாமே?"

"கிருமிடா. தோளோட தோள் ஒரசிக்கினு உக்காரணும். அவளுக்கும் வந்துட்டா?"

"இவ்ளோ வருசமா ஒரசிக்கினுதான இருந்தீங்க? அதுலதான நானே வந்தேன்."

வழக்கமாக இதற்கு, "செருப்பு பிஞ்சிடும், நாயே" என்பார். அன்று திட்டவில்லை.

மறுநாள் அம்மா ஆஸ்பத்திரியில் போனை ஸ்பீக்கரில் போட்டாள். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்: "சில வைரஸுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குமான்னு ஆராய்ச்சி நடக்குது. இருக்குன்னு இன்னும் உறுதியாகல. ஆனா கேன்சர் பக்கத்துல உக்காந்தா ஒட்டாதுங்க."

"உறுதியாகலன்னா இருக்கலாம்னுதானம்மா அர்த்தம்?" என்றார் நைனா.

உணவு இடைவேளையில் மாரெக்கிடம் போன் மொழிபெயர்ப்பில் கேட்டேன்: "இந்த நோய் தொட்டால் ஒட்டுமா?" அவர் முகம் மாறிவிட்டது. நோய் எனக்குத்தான் என்று நினைத்து எழுந்து வந்து இறுகக் கட்டிக்கொண்டார். "எனக்கில்லை, என் அப்பாவுக்கு" என்று புரியவைப்பதற்குள் மேசையில் இருந்தவர்கள் தங்கள் சூப்பையெல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். அப்படியே வீடியோ காலில் நைனாவைக் கூப்பிட்டேன். நின்றுபோன தறியில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"நைனா, இவருக்கும் அதே எடத்துலதான் வந்துச்சு. பாரு, எப்டி கட்டிப் புடிச்சிக்கினு இருக்காரு!"

"டேய், தள்ளி நில்லுடா!"

"எனக்கு ஒட்டுச்சுன்னா ஊருக்கு வந்துடறேன். ரெண்டு பேரும் சேந்து நூல் பாக்கப் போலாம்."

"செருப்பு பிஞ்சிடும், நாயே!"

அப்பாடா! அந்தச் சந்தடி சாக்கில் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கரை நாடாவைக் கையில் எடுத்துவிட்டாள்.

"ஏய், எழுந்திரு."

"டாக்டரம்மா சொன்னது காதுல வுழுந்துச்சில்ல? மிதிங்க."

நைனா குழிக்குள் மிதிபலகையில் காலை வைத்தார். பிறகு தறி அடிக்கும் ஓசை வந்தது. முடிவு வர இன்னும் சில நாள் ஆகும். சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. மாரெக் குனிந்து மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். நைனாவின் அடிக்கு ஏற்றபடி, கனத்த பாதுகாப்பு பூட்ஸுக்குள் என் கால் போலந்துத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.