திருப்பிப் போட்ட சாக்ஸ்

என் கணவரின் தங்கைக்குச் சர்க்கரை. வெறுங்காலோடு கிரிவலம் போகக் கூடாது, புண் வந்தால் ஆறாது என்று வைகாசியில் டாக்டர் சொல்லிவிட்டார். செருப்போடு மலையைச் சுற்ற அவளுக்கு மனம் வரவில்லை. அப்படியென்றால் கெட்டியான பருத்தி சாக்ஸாவது போடுங்கள், எங்கும் இறுக்கக் கூடாது, உறுத்தக் கூடாது என்றார். கடையில் வாங்கியது கணுக்காலுக்கு மேல் சிவப்பாகத் தடம் பதித்தது.

"இனிமே மொட்டை மாடியில நின்னு மலையப் பாத்துக்க வேண்டியதுதான்" என்று அவள் சிரித்தாள். கண்கள் சிரிக்கவில்லை. நான் பின்னித் தருகிறேன் என்று சொன்னது அப்போதுதான்.

பள்ளிக்கூடத்தில் நான் பழகியது கம்பளி நூல். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். பருத்தி நூல் அப்படியில்லை. இழுத்த இடத்திலேயே நின்றுவிடும். என் விரல் எங்கெங்கே தளர்ந்ததோ, அங்கெல்லாம் ஒரு கண்ணி பெரிதாக வாயைத் திறந்து காட்டியது. முதல் ஜோடி ஆடியில் முடிந்தது. அவள் காலில் அழகாகப் பொருந்தியது. நடந்து பார்க்கப் புறப்பட்டோம். பாதையில் எமலிங்கம் கோயில் வருவதற்குள் இரண்டும் தொளதொளத்து இறங்கிக் குதிகாலுக்கு அடியில் சுருண்டுவிட்டன.

"இன்னா அண்ணி, இது சாக்ஸா, கோணிப்பையா?"

"பேசாம ஆட்டோல ஏறு."

அன்றே எல்லாவற்றையும் பிரித்தேன். மெல்லிய ஊசி எடுத்தேன், கண்ணிகளைக் குறைத்தேன். அடிப்பாகத்துக்கு மட்டும் இரட்டை நூல். துவைத்துக் காயவைத்த பிறகே அளவு பார்த்தேன், ஏனென்றால் இந்த நூல் தண்ணீரைக் கண்டால் வேறு அளவுக்குப் போய்விடும். மேல் விளிம்புக்குத்தான் வழி தெரியவில்லை. கடைசியில் பாவாடைக்கு நாடா கோப்பதுபோல் சுற்றிலும் துளை விட்டுப் பின்னி, ஒரு நாடாவை ஓட்டினேன். ஒரு விரல் நுழையுமளவு தளர்வாகக் கட்டினாலும் கணுக்கால் எலும்புக்குக் கீழே இறங்கவில்லை.

புரட்டாசி முடிவில் கொடுத்தேன். அவள் உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டாள்.

"ஏய், திருப்பிப் போட்டிருக்கே."

"தெரிஞ்சுதான் போட்டேன். அந்தப் பக்கம் முண்டும் முடிச்சுமா உறுத்துது. இதுதான் வழவழன்னு இருக்குது."

அத்தனை மாதமும் நான் வரிசை பார்த்துப் பின்னிய பக்கம் காலுக்குள் மறைய, நூல் நுனிகள் துருத்தும் பக்கத்தைப் பாதை முழுக்க ஊரே பார்க்கப்போகிறது.

"பாக்கறவங்க என்னைத்தான் சிரிப்பாங்க."

"உங்க பேரையா அதுல பின்னி வச்சிருக்கீங்க?"

ஐப்பசிப் பௌர்ணமிக் கூட்டம் வடிந்த மறுவாரம், ஒரு வியாழக்கிழமை, பொழுது விடியும்போது கோயிலிலிருந்து புறப்பட்டோம். பாதி வழியில், அடி அண்ணாமலையில், பூக்காரம்மா ஒருவர் அவள் காலைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, அவசரத்துல சாக்ஸ மாத்தி மாட்டிக்கினு வந்துட்டியா?"

"இதுக்கு நல்ல பக்கம் உள்ளாரதான் இருக்குது. எங்க அண்ணி பின்னினது" என்றாள் அவள், நடையை நிறுத்தாமல். நான் முந்தானையைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சுற்றி முடித்து ராஜகோபுரத்துக்கு எதிரே உட்கார்ந்ததும் நாடாவை நானே அவிழ்த்தேன். பாதத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புண் இல்லை, கொப்புளம் இல்லை, கணுக்காலில் சிவப்புத் தடம் இல்லை. உள்ளங்காலில் மட்டும் என் பின்னல் மெல்லிசாகப் பதிந்திருந்தது.

ஒரு வரிசைகூடக் கோணவில்லை.