நூற்றிருபது பக்கத்தில் இல்லாத வால்வு

போன வாரம் மழை விடாமல் அடித்ததே... ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு வெடிப்பு விட்டது. நாற்பது குடும்பங்களைத் தோட்டப் பாடசாலையில் தங்க வைத்தோம். நாங்கள் என்றால், நான் வேலை பார்க்கும் சர்வதேச உதவி நிறுவனத்தின் பதுளைக் கிளை.

பாடசாலைக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

கைக்குழந்தைகள் இருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வயிற்றுப்போக்கு. பாதையில் பாதிக்கு மண் சரிந்து கிடக்கிறது; எங்கள் ஜீப் நுழையும், தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லாரி நுழையாது.

ஆனால் அந்தக் குழாயைப் போட்டதே எங்கள் நிறுவனம்தானே? விவரம் இல்லாமலா போகும்? லேப்டாப்பைத் திறந்தேன். 'அறிவுக் களஞ்சியம்' — பெயருக்குக் குறைச்சல் இல்லை — பாஸ்வேர்ட் காலாவதி என்றது. தலைமையகத்தைக் கெஞ்சி, புதியது வாங்கி உள்ளே போனால்... நூற்றிருபது பக்க அறிக்கை. குழாயடியில் சிரிக்கும் பிள்ளைகளின் படங்கள். வால்வு எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி இல்லை. கட்டிய என்ஜினியர் இப்போது ஆப்பிரிக்காவில். மெயில் போட்டேன். விடுமுறையில் இருப்பதாக அவருடைய கம்ப்யூட்டர் பதில் சொன்னது.

வெளியே வந்து எங்கள் டிரைவர் செல்வராஜிடம் சொன்னேன். "அண்ணே, அப்புத்தளைக்குப் போய் ஒரு பிளம்பரக் கூட்டிக்கிட்டு வாங்க. வால்வு எங்க இருக்குன்னே தெரியல."

"அது முனியாண்டி கோயிலுக்குப் பின்னால, தேயிலைக்குள்ள இருக்குங்க மிஸ். ஸ்கூல் லீவு விட்டா வாச்சர் மூடிருவாரு. கட்டுறப்ப சீமெந்து ஏத்திக்கிட்டு வந்தது நான்தானுங்களே."

கால் மணி நேரத்தில் குழாய் இருமியது. முதலில் செம்மண் நிறம், பிறகு தெளிந்த தண்ணீர். அப்பாடா என்று வகுப்பறை வாங்கில் உட்கார்ந்தவள்தான்... எழுந்திருக்க அரை மணி நேரமானது.

அப்போதுதான் அந்த வொர்க்‌ஷாப் ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் நானே நடத்தியது. தலைப்பு: 'நமக்குத் தெரிந்ததைத் தொலைக்காமல் இருப்பது எப்படி?' நாள் முழுக்க ஸ்லைட் ஸ்லைடாகப் பேசினேன். செல்வராஜ் வெளியே, ஜீப்புக்குள் சோற்றுப் பார்சல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டிரைவர்கள் அழைப்புப் பட்டியலில் கிடையாது. பட்டியலை டைப் செய்தது யார்? நான்தான்.

"அன்னைக்கே இதையெல்லாம் சொல்லியிருக்கலாமே, அண்ணே?"

"உள்ள கூப்பிடலீங்களே மிஸ்." துளிக் கோபம் இல்லை அவரிடம். அதுதான் எனக்குச் சுட்டது.

திரும்பி வந்ததும், எந்தக் குழாய்க்கு எங்கே வால்வு என்று தெரிந்ததையெல்லாம் எழுதித் தரச் சொல்லி ஒரு படிவம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "எழுதுறது நமக்குச் சரிவராதுங்க. போற வழியில ஒவ்வொண்ணாக் காட்டுறேன், நீங்க எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டிருக்கிறேன். பூனாகலைத் தோட்டம் வரை வந்தாயிற்று. இத்தனை வருடமாகப் பின்சீட்டில் போன நான், இப்போதெல்லாம் முன்சீட்டில்தான்!