பத்துக்கு இருபது அறை

பூவத்தில் பஸ் நிற்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த மாடியை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்ப்பார்கள். மொட்டை மாடியில் ஒரு வாசல்நிலை மட்டும் தன்னந்தனியாக உயர்ந்து நிற்கும். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, உச்சியில் காய்ந்த மாவிலையோடு. கூரை கிடையாது, கதவு கிடையாது, சுற்றிலும் இடுப்பளவு செங்கல் சுவர். "வாசல் வந்துட்டுது, வீட்டைத்தான் காணும்" என்று எவனாவது சொல்வான், பஸ்ஸே சிரிக்கும். சிரிக்கட்டும். மங்கையர்க்கரசியின் பத்தொன்பது வருஷ ஏக்கம் அது என்று டிக்கெட் எடுத்துப் போகிறவனுக்கு என்ன தெரியும்!

மங்கையர்க்கரசி அங்கன்வாடி டீச்சர். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்த கை. அந்தக் கைக்குத் துணியில் பெயிண்டிங் போடவும் தெரியும். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் காரைக்காலில் கோடை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டது. வாழ்க்கைப்பட்டு வந்த வீடோ ஒரு கூடம், ஓர் உள்ளறை, ஓர் அடுப்படி. புடவை பதினெட்டு அடி. அதை எங்கே விரிப்பது? மடித்து மடித்து, மடியில் ஒரு முழம் மட்டும் வைத்துக்கொண்டு போடுவாள். முந்தானையில் கிளம்புகிற கொடி, கொசுவத்துக்கு வந்து சேரும்போது வேறு கொடியாகியிருக்கும். கட்டிக்கொள்கிறவர்களுக்குத் தெரியாது. "ரொம்ப அழகு டீச்சர்" என்பார்கள். அவளுக்கல்லவா தெரியும்.

ஒரு புடவையை, ஒரே ஒரு புடவையை, முழுசாக விரித்துப் போட்டு ஒரு கொடியை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அறுபடாமல் ஓட்டிவிட வேண்டும். இவ்வளவுதான் ஆசை.

ஒருநாள் துணிந்து கூடத்தில் விரித்தாள். கணவன் அன்பழகன் வயலிலிருந்து சேற்றுக்காலோடு வந்து அதன்மேல் நடந்து போய்த் தண்ணீர் குடித்தான். பார்க்கவில்லை, பாவம். அவள் புடவையை அலசிப் போட்டாள். மறுநாள் சோறு போடும்போது சொன்னாள்: "எனக்குக் கதவு வச்ச ரூம் ஒண்ணு வேணுங்க. மாடியில. பத்துக்கு இருபது."

"கட்டிடலாம் அரசி" என்றான். நல்ல மனுஷன். எதைக் கேட்டாலும் கட்டிடலாம், வாங்கிடலாம், போயிடலாம்தான். நாளைத்தான் சொல்லமாட்டான்.

இதற்கிடையில் காரைக்காலில் நூகு பாய் கடையில் ஒரு கூத்து. பெயிண்ட் புட்டியைக் கையில் எடுத்ததுமே அவளுக்குச் சந்தேகம்.

"என்ன பாய், புட்டி உசரம் அப்படியே இருக்கு, கனம் மட்டும் இல்லையே?"

"முன்னே பதினஞ்சு மில்லி வந்துச்சு டீச்சரம்மா. இப்ப பத்துதான். வெலை அஞ்சு ரூவா கூட."

"கொறச்சுக் குடுத்துட்டுக் கூடக் கேக்குறீங்களாக்கும்!"

"நானா காச்சுறேன்? வர்றத வாங்கி விக்கிறேன். சொன்னா நம்புவீங்களா, எம் பொண்டாட்டி ஆஸியா பீவியே எங்கிட்ட இதே சண்டைதான் போடுறா."

மங்கையர்க்கரசி புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் உள்வாங்கிய ஒரு குழி. கட்டைவிரலை வைத்தால் பாதி விரல் உள்ளே போயிற்று. ஒருகாலத்தில் வரி குறைச்சல் என்று எல்லை தாண்டி வந்து பெயிண்ட்டும் டைல்ஸும் அள்ளிக்கொண்டு போன ஊர் இது. இப்போது எங்கே வாங்கினாலும் அதே விலை, அதே குழி. திட்டிக்கொண்டே மூன்று புட்டி வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஒரு தை மாதம், எப்படியோ, கட்டுவதற்கு வேளை வந்தது. முத்தையன் கொத்தனார் மாடியைக் காலால் அளந்தார். "ஆயிரத்தைநூறு கல்லு எறக்குங்க டீச்சர். கழுத்து மட்டத்துக்கு வந்துரும். மேக்கொண்டு அடுத்த லோடுல பாத்துக்கலாம். இது எங்கப்பா காலத்துக் கணக்கு, தப்பாது."

நல்ல நேரம் பார்த்து முதலில் நிலையை வைத்தார்கள். அடியில் நவதானியம், செப்புக்காசு, மஞ்சள். வைத்த நிலையைப் பிடுங்கக் கூடாது, குடும்பத்துக்கு ஆகாது. அதனால் சுவர் அதைத் தேடி வரவேண்டுமே தவிர, அது எங்கேயும் போகாது. அன்றைக்கு அந்த நிலைக்குள் அவள் நாலு தடவை நுழைந்து நுழைந்து வெளியே வந்தாள். ஒரு காரணமும் இல்லை. சந்தோஷம்தான்.

கல் வந்தது. சுவர் ஏறியது. இடுப்புக்கு வந்ததும் கல் தீர்ந்துபோயிற்று! கொத்தனார் மாடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எவனோ கல்லைத் தூக்கிப் போய்விட்டான் என்று அக்கம்பக்கத்தையெல்லாம் ஏசினார். அப்புறம்தான் சந்தேகம் வந்து, உடைந்து கிடந்த பழைய கல் ஒன்றைக் கீழேயிருந்து கொண்டுவந்து புதுக் கல்லோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். நீளத்தில் ஒரு விரல் குறைச்சல், உயரத்தில் அரை விரல்.

"கல்லு எளச்சுப் போச்சு டீச்சர்" என்றார், தலையைச் சொறிந்துகொண்டு.

பெயிண்ட் புட்டியைக் கவிழ்த்துக் குழிக்குள் விரல் விட்டுப் பார்த்த மகராசி, லாரியில் வந்த கல்லை ஒரு ஜாண் அளந்து பார்க்கவில்லை. கல்லுமா இளைக்கும் என்று இருந்துவிட்டாள். அடுத்த லோடுக்குள் கல் விலை எங்கேயோ போயிற்று, மணல் விலை அதற்கும் மேலே. வைத்திருந்த பணம் மகன் அகரனின் காலேஜுக்குப் போயிற்று. இரண்டு ஐப்பசி மழை அந்தச் சுவருக்குள் பெய்து தேங்கி வடிந்தது. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அவள் நிலையைத் தொட்டுவிட்டு வருவாள். பிரிந்திருக்கிற பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

இந்த மாசி, அறுப்பு முடிந்த கையோடு அன்பழகன் கொத்தனாரை மாடிக்கு அழைத்து வந்தான்.

"அரசி, ஒரு யோசனை. இந்தச் சுவத்தப் பிரிச்சுடுவோம். இதே கல்லுல, நெலைய ஒட்டி, ஏழுக்கு ஏழா கட்டி மேல ஷீட்டு போட்டுடலாம்."

"ஒரு வாரத்துல கதவு மாட்டிக் குடுத்துர்றேன் டீச்சர்" என்றார் முத்தையன்.

கதவு! அடுத்த வாரமே உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ளலாம். அங்கன்வாடியிலிருந்து கொண்டுவந்த சாக்பீஸால் தரையில் ஏழுக்கு ஏழு கோடு போட்டாள். நடுவில் போய் உட்கார்ந்தாள். மனசுக்குள் கதவைச் சாத்தியும் பார்த்தாள். எவ்வளவு சுகம்! பிறகு, காயப்போட எடுத்துவந்து தோளில் கிடந்த ஈரப் புடவையை விரித்தாள். கோட்டைத் தொட்டதும் மடிக்க வேண்டியிருந்தது. மறுபடி மடித்தாள். மறுபடியும் அதே ஒரு முழம்.

வெளியே பார்த்தால் அறைதான். உள்ளே கட்டைவிரல் குழி.

"வேண்டாங்க."

"என்னது, கதவு வேணாமா?"

"கதவு வேணும். அதுக்குன்னு ரூமை எளைக்க விடமாட்டேன். புட்டிய எளைக்க வச்சான், பொறுத்துக்கிட்டேன். கல்ல எளைக்க வச்சான், பொறுத்துக்கிட்டேன். இத நானே எளைக்க வைக்கணுமா?"

"அப்ப எப்பதான் கட்டுறது?"

"கட்டுறப்ப கட்டிக்கலாம்."

அன்பழகன் கோபமாக இறங்கிப் போனான். கொத்தனாரும் போனார். அவள் அந்தச் சாக்பீஸ் கோட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள். வந்த கதவைத் திருப்பி அனுப்பிவிட்டோமே என்ற அழுகை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மாடியைப் பெருக்கிக் கழுவிக் காயவிட்டாள். சந்தன நிறக் காட்டன் புடவை ஒன்றைச் சுவருக்குச் சுவர் விரித்தாள். பதினெட்டு அடி. மடிப்பே இல்லை. காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலைக்கும், சுவர் மேலே பெயர்ந்து கிடந்த அந்த இளைத்த செங்கல்லையே பாரம் வைத்தாள். தரையில் உட்கார்ந்ததும் ஒன்று தெரிந்தது. இடுப்பளவு சுவர் அவள் தலையை மறைத்தது. ரோட்டில் பஸ் வந்து நின்றது, போயிற்று. யாருக்கும் அவள் தெரியவில்லை.

முந்தானையில் கொடி கிளம்பியது. அவளும் கூடவே நகர்ந்தாள். ஓர் அடி, ஐந்து அடி, பதினைந்து அடி. கொடி வளைந்தது, இலை விட்டது, அறுபடவேயில்லை. அம்மாடி, இதற்குத்தானே இத்தனை வருஷம்!

மிளகாய் காயப்போட முறத்தோடு அன்பழகன் மாடிக்கு வந்தான். எப்போதும்போல் சுவரைத் தாண்டக் காலைத் தூக்கிவைத்தவன், உள்ளே பார்த்தான். தூக்கிய காலை இறக்கினான். சுவரைச் சுற்றிக்கொண்டு நிலைக்கு முன்னால் வந்து நின்றான். தட்டுவதற்குக் கதவு இல்லை. நிலைக்கட்டையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"யாரு?" என்றாள். தெரிந்துதான் கேட்டாள். கண் நிறைந்துவிட்டதால் கொடி கலங்கித் தெரிந்தது.

"நாந்தான் அரசி. வரலாமா?"

"இருங்க. இன்னும் ஒரு முழம் இருக்கு."

அன்பழகன் முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நிலைக்கு வெளியிலேயே நின்றான்.