நாலாவது சலாம்

வெள்ளவத்தையில் பஸீஹாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைத் தேடினாலும் கிடைக்காது. பல்லி விழுந்தாலே வீட்டை இரண்டாக்குவாள். அப்படிப்பட்டவளுக்குப் பேய்க்கதை எழுத ஆசை வந்ததுதான் வேடிக்கை. பம்பலப்பிட்டியில் ஒரு பல் டொக்டரிடம் நம்பர் கூப்பிடுவது அவள் வேலை. வேலை முடிந்து வந்தால் கதைதான்.

அவர்களுடைய தொடர்மாடியில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில் முதல் கதையை வாசித்தாள். ஆளில்லாத வீடு, அணைந்த விளக்கு, பின்பக்கம் காலடிச் சத்தம் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கதாநாயகி பஸீஹா வளர்த்த பெண்ணாயிற்றே! சத்தம் கேட்டதும் நல்ல பிள்ளையாக, தீயதை விரட்டும் குர்ஆன் வசனமான ஆயத்துல் குர்ஸியை ஓதினாள். ஓதினால் ஜின் நிற்குமா? போயே போய்விட்டது. இரண்டாம் பக்கத்திலேயே கதையும் முடிந்துபோனது. மேல்மாடி மயிலம்மா, "உங்கட பேய்க்கு ஒரு தேத்தண்ணி குடிக்கவும் நேரமில்லைப் போல, தங்கச்சி" என்றதும் அறையே சிரித்தது. பஸீஹாவும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் அழுதாள். அடுத்த முறையும் சிரித்தால் இனி எழுதுவதே இல்லை என்று கணவன் ஜவாதிடம் சொல்லிவிட்டாள். அவ்வளவு ரோசம்.

கதாநாயகியை ஓதவிட்டால் பேய் போய்விடும். பயந்த நேரத்தில் ஓதாமல் நின்றால் அவள் பொய்யான பெண்ணாகிவிடுவாள். இந்த இழுபறியிலேயே மாதம் முடியப் போனது.

ஒரு ஞாயிறு பின்னேரம் அஸர் தொழுதுகொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே தங்கை நிப்லாவின் சலாம் கேட்டது. தொழுகையில் நிற்பவள் எப்படிப் பதில் சொல்வாள்? கொஞ்சம் பொறுத்து இரண்டாவது சலாம். பிறகு மூன்றாவது. பிறகு செருப்புச் சத்தம் படியிறங்கியது. தொழுது முடித்ததும் ஓடிப்போய் அவளை மறித்து, ஏன் போனாய் என்று கடிந்துகொண்டாள்.

"மூணு சலாத்துக்குப் பதில் இல்லாட்டி திரும்பிப் போறதுதானே ராத்தா முறை," என்றாள் நிப்லா.

சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போன இடத்திலேயே படித்த முறைதான். ஆனாலும் அந்த நிமிடம் பஸீஹாவுக்கு மயிர் சிலிர்த்தது. முறை தெரிந்தவர்கள் போய்விடுவார்கள். போகாமல் நிற்பது யார்? தங்கையை உட்காரச் சொல்லவும் மறந்து எழுதத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த கூட்டம் வந்தது. புதுக் கதையில் ஒரு தாய் சோறு ஊட்டியபடி மகளுக்கு அந்த மூன்று சலாம் முறையைச் சொல்லிக்கொடுக்கிறாள். பேயின் பேச்சே இல்லை. மகள் பகல் தூக்கம் போடுகிறாள். வெளியே இதமான குரலில் ஒரு சலாம் கேட்கிறது. தெரியாத குரல். வீட்டில் வேறு ஆளில்லை என்று தாய் பேசாமல் இருக்கிறாள். இரண்டாவது சலாம். மூன்றாவது. இனிப் போய்விடுவார் என்று செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுக்கிறாள்.

இங்கே பஸீஹா நிறுத்தி, ஆறுதலாகத் தண்ணீர் குடித்தாள். பல் டொக்டரிடம் பார்த்துப் பார்த்துக் கற்றது இது. ஊசி போடும்போது அலறுகிறவர்கள் குறைவு. நம்பருக்குக் காத்திருக்கும்போதுதான் முகம் வெளிறும்.

பிறகு நாலாவது சலாத்தை வாசித்தாள். குரலை உயர்த்தவில்லை. அதே இதமான குரல், இப்போது கதவின் அடி இடுக்கிலிருந்து வருகிறது. தாய் ஓதத் தொடங்குகிறாள். பயத்தில் பாதியில் மறந்துபோகிறது. சலாத்துக்குப் பதில் சொல்வது கடமையாயிற்றே, சொல்லாமல் விடலாமா என்ற நினைப்பில் கை தாழ்ப்பாளுக்குப் போகிறது.

அறையில் ஒருவரும் அசையவில்லை. முன்வரிசையில் மயிலம்மா சேலைத் தலைப்பை இறுகப் பிடித்திருந்தாள். கதையென்பதே மறந்து, மெல்லச் சொன்னாள்:

"திறக்காதை பிள்ளை."

பஸீஹாவுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.